அலமாரிக்குள் ஒரு தும்மல்

போன வாரக் கதையில், 'காது' என்கிற பையனை அலமாரிக்குள் உட்கார வைத்துவிட்டு வந்துவிட்டோம். பாவம், ஒரு வாரமாகவா உள்ளேயே இருக்கிறான் என்று கேட்டு எழுதிய வாசகிக்குச் சொல்லிக்கொள்கிறேன்: வெளியே வந்துவிட்டான். குளித்தும் விட்டான்.

இந்த வாரம்தான் முதன்முதலாக இந்த வீட்டுக்குள் வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அக்கா படம் வரைகிறவள், அதனால் பென்சில். தம்பி படத்துக்கு ஒலி சேர்க்கிறவன், அதனால் காது. பெற்றவர்கள் வைத்த பெயர்கள் பள்ளிச் சான்றிதழில் பத்திரமாக இருக்கின்றன. இருவரும் சேர்ந்து இணையத்தில் 'லிஃப்ட் ரிப்பேர்' என்றொரு கார்ட்டூன் தொடர் போடுகிறார்கள். லிஃப்ட் ஓடாத அடுக்குமாடி ஒன்றில் குடியிருக்கும் விலங்குகளின் கதை. இதற்காக விளம்பரக் கம்பெனி வேலையை உதறிவிட்டு வந்தாள் பென்சில். அன்றைக்குச் சாப்பாட்டு மேஜையில் அம்மா பேசியதை மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை.

தொடருக்கு ரசிகர்கள் சேர்ந்ததற்குக் கதை மட்டும் காரணமில்லை. ஒவ்வொரு பகுதியிலும் பழைய டி.வி. கார்ட்டூன்களை எங்காவது ஒளித்து வைப்பாள் பென்சில். முயல் தாழ்வாரத்தில் ஓடும். பின்னால் ஒரே பூந்தொட்டி திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கும். நாய் பால்கனியைத் தாண்டி வெறுங்காற்றில் நடக்கும். கீழே பார்த்த பிறகுதான் விழும். இதையெல்லாம் கண்டுபிடித்து எழுதுவதற்கென்றே ஒரு கூட்டம். அதிலும் 'அரைவால்' என்கிற பழைய கார்ட்டூன் என்றால் அந்தக் கூட்டத்துக்கு உயிர். பாதி வால் உள்ள ஒரு பூனை, அதை ஏய்க்கும் ஓர் எலி. பூனை தும்மும், வீடு இடியும், எலி சிரிக்கும். வாராவாரம் இதே கதைதான். இதற்காக ஒரு தலைமுறையே வீட்டுப்பாடத்தைத் தள்ளிப்போட்டது. நானும்தான்.

பிள்ளைகள் இருவரும் 'அரைவால்' பார்த்து வளர்ந்தவர்கள். ஆனால் அது டி.வி.யில் தொடங்கினால் அம்மா எழுந்து மாடிக்குத் துணி எடுக்கப் போய்விடுவாள். மழை பெய்தாலும் போவாள்.

அம்மாவிடம் இன்னொரு வழக்கமும் உண்டு. அவள் தும்மி யாரும் கேட்டதில்லை. தும்மல் வருகிறதென்றால் மூக்கைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்கு ஓடுவாள். கதவைச் சாத்திக் குழாயைத் திறந்துவிடுவாள். தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான் வெளியே வரும்.

அப்பா அவளுக்குச் சளைத்தவரில்லை. மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். ஊருக்கெல்லாம் பார்வையைத் தெளிவாக்கிக் கொடுத்துவிட்டு, வீட்டில் எதுவுமே கண்ணில் படாதது போல் இருப்பார். அவர் வாய்விட்டுச் சிரித்ததே இல்லை. சிரிப்பு வந்தால் தோள் குலுங்கும். உடனே செய்தித்தாள் முகத்துக்கு நேராக ஏறிவிடும்.

கதைக்கு வருவோம். சனிக்கிழமை காலை. வாயில் பிரஷ்ஷோடு போனைப் பார்த்த பென்சில் அப்படியே நின்றாள்.

"டேய் காது! வாடா இங்க. எதைடா திருடி வச்சிருக்கே?"

"பல்லு தேச்சிட்டுக் கத்து. மூஞ்சில தெறிக்குது."

போனை அவன் முகத்துக்கு நேராக நீட்டினாள். 'அரைவால்' தொடரை இப்போது வைத்திருக்கும் கம்பெனி எழுதியிருந்தது. வியாழக்கிழமை வெளியான புதுப் பகுதியில் வரும் தும்மல் தங்களுக்குச் சொந்தமாம். அதை அனுமதி இல்லாமல் எடுத்திருக்கிறார்களாம். மாலை நான்கு மணிக்கு வீடியோவில் வந்து விளக்கம் சொல்ல வேண்டும். விளக்கம் சரியில்லை என்றால் இன்றே 'லிஃப்ட் ரிப்பேர்' முழுவதும் இணையத்திலிருந்து தூக்கப்படும்.

"தும்மல் எப்படி ஒருத்தருக்குச் சொந்தமாகும்? ஜலதோஷம் யாருக்குச் சொந்தம்னு கேளு."

"விளையாடாதே. இதுக்காக வேலையை விட்டுட்டு வந்திருக்கேன். மொத்தமும் போயிடும்." பிரஷ்ஷைத் தொட்டியில் எறிந்தாள். "நான் ஒளிச்சு வைக்கிறதெல்லாம் என் கையால வரைஞ்சது. சாடை காட்டுறது வேற, சுட்டுட்டு வர்றது வேற. நீ பழைய டேப்லேர்ந்து தும்மலை வெட்டிப் போட்டியா, இல்லையா?"

"சத்தியமா இல்ல. நானே பதிவு பண்ணினது."

"யாரை?"

காதின் கண் சமையலறைப் பக்கம் போனது.

நடந்தது இதுதான். இந்த வீட்டில் ஒலிப்பதிவுக்கூடம் என்பது படுக்கையறையில் சுவரோடு இருக்கும் பெரிய அலமாரி. போர்வைகளுக்கும் குளிர்காலக் கோட்டுகளுக்கும் நடுவே உட்கார்ந்தால் வெளிச்சத்தம் வராது, எதிரொலி இருக்காது. போன வாரம் காது உள்ளே உட்கார்ந்து, தலையணையில் விரலால் தட்டிப் பூனை நடக்கும் சத்தத்தைப் பதிவு செய்துகொண்டிருந்தான். அன்றைக்குத்தான் அப்பா புது அந்துருண்டை வாங்கிப் போட்டிருந்தார். உள்ளே ஆள் இருப்பது தெரியாமல் போர்வை எடுக்க வந்தாள் அம்மா. கதவைத் திறந்தாள். நெடி மூக்கில் ஏறியது. குளியலறைக்கு ஓட நேரமில்லை.

"தும்மிட்டு என்னைப் பார்த்து அலறினாங்க. அப்புறம், 'அதை அழிச்சுடு'ன்னாங்க. சரின்னேன்."

"அழிச்சியா?"

"பதிவை அழிச்சேன். அன்னன்னைக்கு எல்லாத்தையும் அழிச்சுடுவேனே, கம்ப்யூட்டர்ல இடம் ஏது? ஆனா தும்மலை மட்டும் அதுக்கு முன்னாடியே படத்துல சேர்த்துட்டேன். அவ்வளவு நல்லா இருந்துச்சுக்கா!"

பென்சில் நம்பவில்லை. பழைய 'அரைவால்' ஒன்றைத் தேடிப் போட்டாள். பூனை மூக்கைச் சுருக்கியது. இரண்டு முறை வருவது போல் வந்து ஏமாற்றியது. மூன்றாவதாக வந்தது தும்மல், கடைசியில் விசிலடிப்பது போல் ஓர் இழுப்போடு. அடுத்து தங்கள் தொடரைப் போட்டாள். அதே இரண்டு ஏமாற்று. அதே விசில்.

மறுபடி போட்டாள். பிறகு இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அம்மா பள்ளி அலுவலகம் ஒன்றில் டைப் அடிக்கிறவள். இன்று விடுமுறை. சமையலறையில் கேரட் நறுக்கிக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் இருவரும் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நிற்பதைப் பார்த்ததும் கத்தி நின்றுவிட்டது.

"அம்மா, அரைவாலுக்குத் தும்மினது யாரு?"

"எனக்கெப்படித் தெரியும்? பூனையைப் போய்க் கேளு."

"கேட்டுட்டோம். உன்னைக் காட்டுது."

ஹாலில் செய்தித்தாள் மெல்ல உயர்ந்தது.

அம்மா கத்தியைக் கழுவினாள். தேவையே இல்லாமல் பலகையையும் கழுவினாள். பிறகு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நானும் உங்கப்பாவும் ஒரே ஆபீஸ்ல இருந்தோம்னு சொல்லியிருக்கேனில்ல? அது ஆபீஸ் இல்ல, ஸ்டூடியோ. அரைவால் அங்கதான் தயாராச்சு. வசனத்தை நான்தான் டைப் அடிப்பேன். அடிக்க அடிக்க எல்லா வசனமும் மனப்பாடம். வீட்டுக்குப் போற வழியெல்லாம் பூனையாட்டம் பேசிக்கிட்டே போவேன்."

"நீயா?"

"ஏன், நான்னா என்ன? பூனைக்குக் குரல் தேடினாங்க. நானும் பேசிப் பார்க்கிறேன்னு கேட்டேன். கண்ணாடித் தடுப்பு வச்ச ரூமுக்குள்ள மைக் முன்னாடி நிறுத்தினாங்க. ஒரே ஒரு வரி. நல்லாத்தான் சொன்னேன். சொல்லி முடிச்ச கையோட தும்மல் வந்துடுச்சு." அவள் முந்தானை நுனியை விரலில் சுற்றினாள். "கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எல்லாரும் சிரிச்சாங்க. முதல்ல சிரிச்சது யார்னு மட்டும் கேக்காதீங்க. தும்மலை வச்சுக்கிட்டாங்க. பூனைக்குக் குரல் வேற ஒரு அம்மா வந்து கொடுத்தாங்க."

"பேரு கூடப் போடலையா?"

"தும்மலுக்கு யாருடி பேரு போடுவா? அது டி.வி.ல வரும்போதெல்லாம் ஊரே சிரிக்கும். எனக்கு மட்டும் அந்தக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிக்கிற மாதிரியே இருக்கும்."

சொன்னபோது அவள் அழவில்லை. பென்சிலுக்குத்தான் அழுகை வந்தது. மாடியில் மழையில் நனைந்துகொண்டு அம்மா எடுத்து வந்த துணிகளெல்லாம் ஞாபகத்துக்கு வந்தன.

"அந்த ஸ்டூடியோவுல அப்பா என்ன வேலை பார்த்தார்?" என்று காது கேட்டான்.

"ஒயர் சுத்துவார்."

"சுத்தினேன்" என்றது செய்தித்தாள்.

மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்ந்தாள் பென்சில். "அம்மா, நாலு மணிக்கு அந்தக் கம்பெனி வக்கீல் முன்னாடி நீ ஒரு தடவை தும்மினாப் போதும். நாங்க எடுக்கல, உன் மூக்குலேர்ந்தே வந்ததுன்னு தெரிஞ்சுடும்."

"ஊரைக் கூட்டி வச்சு மறுபடியும் தும்மணுமா? என்னால முடியாது."

"அம்மா..."

மகளின் முகத்தை அம்மா பார்த்தாள். வேலையை விட்டதற்காக எத்தனை பேச்சுப் பேசியிருக்கிறாள்! பேசியவளுக்கும் தெரியும், இந்தப் பெண் படம் வரையும்போது மட்டும்தான் சாப்பிடக் கூப்பிட்டாலும் காதில் விழாமல் இருக்கிறாள் என்று.

"சரி. அந்த அந்துருண்டையை எடுத்துட்டு வா."

காது அலமாரிக்கு ஓடினான். ஓடிய வேகத்தில் திரும்பி வந்தான். "ஒண்ணு கூட இல்ல!"

"ஐயையோ" என்று தலையில் கை வைத்தாள் அம்மா. "அன்னைக்கே கோபத்துல எல்லாத்தையும் குப்பையில போட்டேன்."

பக்கத்துக் கடையில் கேட்டார்கள், இல்லை. சரி, தும்மல்தானே, அதற்கா பஞ்சம் என்று இறங்கினார்கள். மிளகுப்பொடியை முகர்ந்தாள் அம்மா. கண்ணில் தண்ணீர் வந்ததே தவிர மூக்கு அசையவில்லை. ஜன்னலைத் திறந்து வெயிலைப் பார்க்கச் சொன்னார்கள். எதிர்வீட்டுக்காரி தன்னைத்தான் பார்க்கிறாள் என்று நினைத்துக் கையசைத்தாள். பழைய தலையணையைத் தட்டித் தூசி கிளப்பினான் காது. அவனே ஏழெட்டுத் தும்மல் போட்டான். பேப்பரைத் திரித்து மூக்கில் விட்டுப் பார்த்தார்கள். கொட்டாவி வந்தது.

"இத்தனை வருஷமா ஓடி ஓடி ஒளிச்ச தும்மலெல்லாம் எங்கேம்மா போச்சு?"

"அவசரத்துக்கு அண்டாவுக்குள்ளயும் கை நுழையாதுன்னு சும்மாவா சொன்னாங்க?"

செய்தித்தாள் நடுங்கியது. தோள்கள் குலுங்கின. சத்தம் மட்டும் வரவில்லை.

நான்கு மணிக்குத் திரையில் வந்தார் வக்கீலம்மா. இழுத்துக் கட்டிய கொண்டை. பின்னால் கோப்புகள். சிரித்தால் அபராதம் என்று யாரோ சொல்லி வைத்தது போன்ற முகம்.

பென்சில் எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னாள். வக்கீலம்மா குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார்.

"கேக்க நல்லா இருக்கு. ஆனா எங்க சிஸ்டம் ரெண்டு ஒலியும் ஒண்ணுன்னு சொல்லுது. உங்ககிட்ட மூலப்பதிவு இருக்கா?"

"அழிச்சுட்டேன் மேடம்."

"ரொம்ப வசதியாப் போச்சு" என்றார் வக்கீலம்மா. "அப்ப அம்மாவையே தும்மச் சொல்லுங்க."

அம்மா கேமராவுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள். மூச்சை இழுத்தாள். மூக்கைச் சுருக்கினாள். எல்லோரும் அவள் மூக்கையே பார்த்தார்கள். ஒன்றும் வரவில்லை. மேஜைக்குக் கீழேயிருந்து மிளகுப்பொடியை நீட்டினான் காது. அதற்கும் வரவில்லை.

"எனக்கு அடுத்த மீட்டிங் இருக்கு" என்றார் வக்கீலம்மா. குரலில் கடுமை இல்லை. அதுதான் பென்சிலுக்கு இன்னும் பயமாக இருந்தது. "ரொம்ப வருத்தம். உங்க தொடரை நானும் பார்க்கிறவதான். ஆனா ஆதாரம் இல்லாம..."

"ஒரு நிமிஷம்" என்றாள் அம்மா.

முதுகு நிமிர்ந்திருந்தது. தலைமுடியை ஒதுக்கிக்கொண்டாள். எதிரே மைக் இருப்பது போல் முகத்தைச் சற்றே முன்னால் கொண்டுபோனாள்.

"வெறும் தும்மல் எனக்கு வராது. அன்னைக்கும் வசனம் சொன்னப்புறம்தான் வந்துச்சு. வசனத்தைச் சொல்றேன்."

பிறகு அந்த அறையில் யாரும் அதுவரை கேட்டிராத ஒரு குரல் கேட்டது. கீழே உறுமலும் மேலே வெல்லமுமாக, அகந்தை பிடித்த, வால் போனாலும் வீறாப்புப் போகாத ஒரு பூனையின் குரல்.

"இந்த வீட்ல இனிமே எலின்னு ஒண்ணு இருந்தா... நான் பூனையே இல்ல!"

'இல்ல'வோடு மூச்சு உள்ளே போனது. போன மூச்சு அங்கேயே நின்றது. அம்மாவின் கண்கள் அகன்றன.

"அஹ்..." என்றாள். இல்லை.

"அஹ்..." இல்லை.

"அஹ்ச்ச்சீஈஈஈ!"

மிளகுப்பொடி பறந்தது. மேஜை மேலிருந்த பென்சில்கள் உருண்டன. விசில் மட்டும் கொஞ்ச நேரம் காற்றிலேயே நின்றது.

திரையில் வக்கீலம்மாவைக் காணோம். நாற்காலிதான் தெரிந்தது. சில நொடி கழித்து மேஜைக்கு அடியிலிருந்து எழுந்து வந்தார். கொண்டை அவிழ்ந்திருந்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணெல்லாம் ஈரம்.

"மன்னிச்சுக்கங்கம்மா. சின்ன வயசுல இதைக் கேட்டுட்டுக் கட்டில்லேர்ந்து விழுந்தேன். பழக்கம் விடல." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சிஸ்டம் சொன்னது சரிதான். ரெண்டும் ஒண்ணுதான், ஒரே மூக்கு. புகாரை இப்பவே வாபஸ் வாங்குறேன்."

பென்சில் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். காது இருவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டான். அம்மா சிரிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் ஏதோ வரவேண்டியிருக்கிறது என்பது போல.

"அப்புறம் ஒண்ணு" என்றார் வக்கீலம்மா. "தும்மலை விடுங்க. அந்த வசனம். அந்தக் குரல்ல ஏன் அரைவால் முழுசும் வரல?"

அம்மாவின் மூக்கு சிவந்தது. இந்த முறை மிளகுப்பொடி காரணமில்லை.

"திங்கட்கிழமை எங்க ஆபீசுக்கு வர முடியுமா? எதுக்குன்னு நேர்ல சொல்றேன். ஆங், இன்னொண்ணு. எலியோட சிரிப்பும் யாருதுன்னு எங்க பழைய பதிவுகள்ல இல்ல. உங்களுக்குத் தெரியுமா?"

அம்மா ஹால் பக்கம் திரும்பினாள். செய்தித்தாள் அசையாமல் நின்றது.

"தெரியும். ஆனா அதை நான் சொல்லக் கூடாது" என்றாள்.

திங்கட்கிழமை எதற்குக் கூப்பிட்டிருப்பார்கள் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். அம்மா எதற்கும் பிடி கொடுக்கவில்லை. தொடரின் கடைசியில் வரும் பெயர்களில் புதிதாக ஒரு வரி சேர்த்தாள் பென்சில். 'தும்மல்: அம்மா.' பெருமையோடு காட்டினாள்.

அம்மா கண்ணாடி போட்டுப் படித்தாள். "இவ்வளவுதானா?"

"வேற என்னம்மா போடணும்?"

"உங்க தொடர்ல மேல்மாடியில ஒரு கிழட்டுப் பூனை வருதே, வாயே திறக்காம? அதுக்கு ஏன் இன்னும் குரல் கொடுக்கல?"

"சரியான ஆளே கிடைக்கலம்மா."

"தேடினாத்தானே கிடைக்கும்" என்று சொல்லிவிட்டு அம்மா படுக்கையறைக்கு நடந்தாள். அலமாரிக் கதவைத் திறந்தாள். போர்வைகளை ஒதுக்கி உள்ளே ஏறி உட்கார்ந்தாள். "காது, அந்த மைக்கைக் கொடு. கதவைச் சாத்து. வசனத்தைச் சொல்லுடி."

ஆனைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கும் ஒரு காலம் வரத்தான் செய்கிறது. கதவிடுக்கு வழியே வசனத்தைச் சொன்னாள் பென்சில். காது ஹெட்போனை மாட்டிக்கொண்டான். யாரும் கூப்பிடாமலே அப்பா எழுந்து வந்து, தரையில் சிக்கிக் கிடந்த ஒயரை எடுத்துக் கையில் சுற்ற ஆரம்பித்தார். முழங்கைக்கும் உள்ளங்கைக்கும் நடுவே, சுருக்கம் விழாமல், பழகிய கை.

உள்ளேயிருந்து குரல் வந்தது.

"லிஃப்ட் எப்ப சரியாகும்னு என்னைக் கேக்காதீங்க. என் முழங்கால் எப்ப சரியாகும்னு அந்த லிஃப்ட் என்னைக்காவது கேட்டுச்சா?"

அப்பாவின் தோள்கள் குலுங்கின. கையில் செய்தித்தாள் இல்லை. உதட்டைக் கடித்தார். கழுத்து நரம்பு புடைத்தது. அதற்கு மேல் தாங்கவில்லை.

"கிகிகிகீ... ஹிக்!"

காது ஹெட்போனைக் கழற்றினான். பென்சிலின் வாய் திறந்தபடி நின்றது. விக்கலில் முடியும் அந்தச் சிரிப்பு அவர்களுக்குத் தெரியும். ஒரு தலைமுறைக்கே தெரியும். பூனை தும்மும், வீடு இடியும், எலி சிரிக்கும்.

அப்பா வாயைப் பொத்திக்கொண்டார். அன்றைக்குக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முதலில் சிரித்தவர் யார் என்பதும், அதற்குப் பிறகு இத்தனை வருடங்கள் அவர் ஏன் வாய்விட்டுச் சிரிக்கவில்லை என்பதும் பென்சிலுக்கு ஒரே நொடியில் புரிந்துபோயிற்று. அலமாரிக் கதவையே பார்த்தபடி, அழிரப்பருக்குத் தப்பிய கோடு மாதிரி ஓரமாக நின்றார் மனிதர்.

உள்ளே போர்வைகள் சரசரத்தன.

பிறகு குரல் வந்தது, பூனையின் குரலிலேயே. "வெளிய யாருடா அந்த எலி? டேக் போச்சு!"

"சாரிம்மா" என்றான் காது. "இதை அழிச்சுட்டு மறுபடி எடுக்கலாம்."

"டேய், டேய்!" அலமாரி அதிர்ந்தது. இப்போது அது அம்மாவின் சொந்தக் குரல். அதில் சிரிப்பு தளும்பிக்கொண்டிருந்தது. "அதை மட்டும் அழிச்சுடாதே!"